இதயத்தின் ஓரம் வரைந்தவள்

ஜன்னல் இல்லாத அந்த அறையில் எப்போதும் விளக்கை மங்கலாகத்தான் வைத்திருப்பார்கள். திரையில் படம் தெளிவாகத் தெரிய வேண்டுமே. ஒரு கட்டில், ஒரு எக்கோ இயந்திரம், ஒரு சுழல் நாற்காலி, ஜெல்லைத் துடைக்க அடுக்கி வைத்த காகிதத் துண்டுகள். இதயத்தைப் படம் பிடிக்கும் அந்த அறையில்தான் அவள் தன் வயதில் பாதியைக் கழித்தாள். வருகிறவர் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பார். அவள் அவருடைய முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, வலது கையை அவர் மேல் வளைத்துப் போட்டு, மார்புக்கூட்டின் ஓரத்தில் கருவியை அழுத்திப் பிடிப்பாள். பார்க்கிறவர்களுக்குப் பாதி கட்டிப்பிடித்த மாதிரி இருக்கும். ஊரில் பாதிப் பேரைக் கட்டிப்பிடித்தவள், கல்யாணம் மட்டும் ஒருத்தனையும் பண்ணிக்கொள்ளவில்லை என்று அவளுடைய அக்கா கேலி செய்வாள்.

கல்யாணம் ஆகாததற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. அப்பா படுக்கையில் விழுந்தார், பிறகு அம்மா விழுந்தாள். இருவரையும் பார்த்து அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது தலையில் நரை எட்டிப் பார்த்தது. தபால் ஆபீசில் வேலை பார்த்த அக்கா, புருஷன் போன பிறகு இவளோடு வந்து சேர்ந்துகொண்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பேசுவது முழுக்க அக்கா. கேட்பது இவள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கல்லம்மா என்று பெயர். நோயாளிகள் வைத்தது. படம் பிடிக்கிறவர்கள் படத்தில் கண்டதை நோயாளியிடம் சொல்லக் கூடாது. அது டாக்டரின் வேலை. ஆனால் கட்டிலில் படுத்திருப்பவர் சும்மா இருப்பாரா? கழுத்தைத் திருப்பித் திருப்பி இவள் முகத்தில் ஜாதகம் பார்ப்பார். ஒரு புருவம் அசைந்தால் போதும், குடும்பமே அன்றைக்குச் சாப்பிடாது. அதனால் முகத்தைத் துடைத்துவைத்த பலகை மாதிரி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள். அந்தப் பெயர் காதில் விழுந்தபோது அவளுக்கு வருத்தம்கூட வரவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

இப்படி இருக்கையில்தான் இதயப் பிரிவின் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களை இரண்டு வருஷம் விடாமல் பின்தொடர்ந்து, அவர்களுடைய இதயம் எப்படி உருமாறுகிறது என்று பார்ப்பது. சேர வந்தவர்களுக்கு அவர் கையாலேயே காட்டி விளக்குவார்.

"ரத்தக்குழாய் அடைச்சதுல ஒரு பக்கத்துச் சதை செத்துப்போச்சு. மிச்சம் இருக்கிற சதை, செத்ததோட வேலையையும் சேர்த்துப் பாக்குது. பாத்துப் பாத்து இழுபட்டுப் போகுது. வாழைப்பூ மாதிரி கூரா இருந்த இதயம் பந்து மாதிரி உருண்டுடும். பந்துக்குப் பிழியற பலம் கம்மி. யாருக்கு உருளுது, யாருக்கு உருளல, ஏன்னு தெரிஞ்சா முன்னாடியே தடுக்கலாம்."

கல்லம்மாவின் பங்கு படம் பிடிப்பதோடு முடியவில்லை. இதயத்தின் இடது கீழறை நிறைந்திருக்கும்போது ஒரு தடவை, சுருங்கும்போது ஒரு தடவை, அதன் உள்சுவரின் ஓரத்தைத் திரையில் கையால் கோடிட்டு வரைய வேண்டும். கோடு எங்கே போகிறதோ அதை வைத்துத்தான் நீளம், அகலம், கொள்ளளவு எல்லாவற்றையும் இயந்திரம் கணக்கிடும். சில இடங்களில் சுவர் பளிச்சென்று தெரியும். சில இடங்களில் மூடுபனியில் வரப்பைத் தேடுவது போலத்தான். அங்கே கண் பாதி சொல்லும், மீதியை அனுபவம் சொல்லும். அந்த மீதியில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று டாக்டரம்மா நம்பியதால்தான் இந்த வேலையை அவளிடம் விட்டிருந்தார்.

அந்த ஆராய்ச்சிக்கு வந்தவர்களில் ஒருவர்தான் பீரோ.

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சுமை தூக்கியவர். இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் வார்ப்பட்டை கட்டித் தூக்கி மாடியேற்றுவார் என்பதால் கூட்டாளிகள் வைத்த பெயர். வாடிக்கையாளர்கள்கூட, "அந்த பீரோவையே அனுப்புங்க" என்று கேட்பார்களாம். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். மனைவி போய் வெகுகாலம். ஒரே மகள் கல்யாணமாகித் தொலைதூரத்தில் இருந்தாள். ஒரு நாள் யாருடைய வீட்டுக் கட்டிலையோ இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தவரைக் கூட்டாளிகள் அதே லாரியில் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் மிஞ்சியது. சுமை தூக்கும் வேலை போயிற்று. தண்ணீர்க்குடம்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

முதல் தடவை அவரைப் படுக்க வைத்தபோது, கட்டிலுக்கு வெளியே ஒரு கால் தொங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு. மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்தச் சொன்னாள். படம் அபூர்வமாகத் தெளிவாக வந்தது. நுனி, சுவர், தழும்பு விழுந்த இடம் எல்லாம் உள்ளங்கை ரேகை போலத் தெரிந்தன. அதிலேயே கண்ணை வைத்திருந்தவள், மூச்சு விடலாம் என்று சொல்ல மறந்துபோனாள். அந்த மனுஷரும் சொன்ன சொல் தட்டாமல் நிறுத்தியபடியே இருந்தார். கடைசியில் விரலால் கட்டில் சட்டத்தை மெல்லத் தட்டினார்.

"அம்மா, நான் போயிட்டா உங்க ஆராய்ச்சியில ஒரு ஆள் குறையும். பரவாயில்லையா?"

கல்லம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தாள். கருவி நழுவி, திரையில் இதயம் காணாமல் போயிற்று. பக்கத்து அறையில் இருந்த தும்மல்காரர் (அவரும் படம் பிடிக்கிறவர்தான், ஜெல்லின் வாசனைக்கே தும்முவார்) என்னவோ ஏதோ என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்து அவர் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு அவர் வரும் நாட்களில் கட்டிலில் படுத்தபடி கதை சொல்வார். எல்லாம் வீடுகளைப் பற்றியவை. ஒரு குடும்பத்தின் சங்கதி பீரோவை நகர்த்தினால்தான் தெரியும் என்பார். பின்னால் விழுந்து கிடக்கும் சீப்பு, பழைய போட்டோ, யாரோ கோபத்தில் வீசிய மோதிரம். எடுத்துத் துடைத்து யாரிடம் கொடுப்பது, யார் கண்ணில் படாமல் கொடுப்பது என்பதும் தொழிலில் சேர்த்திதானாம். இப்போது ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டு கிழிக்கிறார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் பெட்டிகளைத் தூக்கினேன், இப்போது என்னையே பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தார். ஜெல்லைத் துடைத்துக்கொள்ளும்போது ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"எப்படிம்மா இருக்கு?"

"டாக்டர் சொல்வாங்க."

போகப் போக அவரே கேள்வியையும் கேட்டு, அவள் வாய் திறக்கும் முன் பதிலையும் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொள்வார். அவர் வரும் நாள் நெருங்கினால் அவள் காலையில் தலைவாரக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாள். அக்காவின் கண்ணுக்கு அது தப்புமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய் என்றாள். மறைக்க ஒன்றுமில்லை என்று இவள் சொன்னாள். அப்படியானால் பூசணிக்காய் எங்கே என்று அக்கா கேட்டாள்.

ஆறாம் மாதப் படத்தில் இதயம் மாறியிருந்தது. நுனியின் கூர் மழுங்கியிருந்தது. பக்கவாட்டில் வயிறு தள்ளியிருந்தது. அவர் போன பிறகு தனியாக உட்கார்ந்து கோடு வரைந்தாள். கணக்கு வந்தது, அவ்வளவு மோசமில்லை. மனசு லேசானது. லேசானதுதான் அவளை உறுத்தியது. இத்தனை வருஷத்தில் ஒரு கணக்கைப் பார்த்து அவளுக்கு மனசு லேசானதும் இல்லை, கனத்ததும் இல்லை.

கோட்டை அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். இம்முறை கையைக் கட்டுப்படுத்தி, ஓரத்தை வெளிப்பக்கமாகவே தேடிப் போனாள். இதயம் பெரிதாக வந்தது. மூன்றாவது முறை நடுவில் வரைந்தாள். மூன்றும் பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தன. எது நிஜம் என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவர் மங்கலான இடத்துக்கு வரும்போதெல்லாம் விரல் தானாக உள்ளே சரிந்தது. அந்த இதயம் சின்னதாக இருக்க வேண்டும் என்று யாரோ அவளுடைய விரலிடம் சொல்லியிருந்தார்கள்.

மூன்று கோடுகளையும் அழித்துவிட்டு எழுந்து டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

"இவரோட படத்தை இனிமே நான் வரையக் கூடாது, டாக்டர்."

"ஏன், படம் சரியா வரலையா?"

"படம் நல்லா இருக்கு. வரையறப்ப கை உள்பக்கமா போகுது."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை.

"எவ்வளவு நாளா?"

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"கைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்" என்றார் டாக்டரம்மா. பழைய படங்களையும் சேர்த்துத் தானே வரைந்துவிடுவதாகவும், இனி அவருக்குத் தும்மல்காரர் படம் பிடிக்கட்டும் என்றும் சொன்னார். ஆராய்ச்சிக்கு அது போதும். முந்தைய கோடுகளை அவர் சரிபார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை என்றும் பிறகு சொல்லி அனுப்பினார். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு இரவில் தூக்கம் வந்தது.

ஆனால் இந்த விஷயத்தைப் பீரோக்காரருக்கு யார் சொல்வது? அடுத்த தடவை வந்தவர் கல்லம்மாவின் அறைக் கதவைத் தட்டப் போக, தும்மல்காரர் கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார். அந்த அம்மா லீவா என்று கேட்டாராம். லீவில்லை, உங்களுக்கு அவங்க பாக்க மாட்டாங்க என்று தும்மல்காரர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். அவர் மனசில் வஞ்சம் கிடையாது, நாக்கில் நரம்பும் கிடையாது. பீரோக்காரர் அன்றைக்குக் கதை ஒன்றும் சொல்லாமல் போனார். கதவுக்கு இந்தப் பக்கம் கல்லம்மா, வேறு யாருடைய இதயத்தையோ பார்த்துக்கொண்டு, அவருடைய செருப்புச் சத்தம் நடைபாதையில் தேய்ந்து போவதைக் கேட்டாள்.

வருஷம் முடியும் நேரத்தில் வர வேண்டிய அவர் வரவில்லை. ஆஸ்பத்திரி ஆபீசிலிருந்து போன் செய்தார்கள், எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்து, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். டாக்டரம்மா இவளைக் கூப்பிட்டார்.

"பேசறப்ப மூச்சு வாங்குதுன்னு சொல்றாங்க. யாராவது போய்ப் பாத்தா நல்லது. அவரோட கோட்டை இப்ப நீங்க வரையறதில்ல. நீங்க போறதுல தப்பில்ல."

தனியாகப் போக அவளுக்குக் கால் வரவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை; அக்கா ஏற்கெனவே புடவை மாற்றிக்கொண்டிருந்தாள்.

லிப்ட் இல்லாத பழைய கட்டடம். அவர் வீடு மூன்றாம் மாடியில். படி திரும்பும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு மர முக்காலி கிடந்தது. முதல் முக்காலியில் மார்க்கெட் பையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இதெல்லாம் மேல் வீட்டு பீரோ அண்ணன் போட்டது, தனக்கென்று போட்டார், இப்போது எங்களுக்கும் உதவுகிறது என்று சொன்னாள். அக்கா இரண்டாவதில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கல்லம்மா எதிலும் உட்காரவில்லை. இத்தனை வீட்டுச் சாமான்களைத் தோளில் ஏற்றியவர், தன் உடம்பை ஏற்ற இத்தனை இடத்தில் இறக்கி வைக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே ஏறினாள்.

கதவைத் திறந்தவரின் கால்கள்தான் முதலில் அவள் கண்ணில் பட்டன. செருப்பு வார் பதியும்படி வீங்கியிருந்தன. உள்ளே கட்டிலில் துணிகள் மடித்து அடுக்கியிருந்தன; நாற்காலியில் தலையணை இருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்று கேட்காமலே தெரிந்துகொண்டாள். மாத்திரைகளை ஒழுங்காகப் போடுகிறாரா என்று விசாரித்தாள். எல்லாம் போடுவதாகச் சொன்னார். அக்கா மேஜையில் இருந்த மாத்திரை அட்டைகளைப் புரட்டிப் பார்த்து, ஒன்று மட்டும் கை படாமல் இருப்பதைத் தூக்கிக் காட்டினாள். நீர் பிரிவதற்கான மாத்திரை.

முதலில் மழுப்பினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்தக் கண்ணாடிக் கூண்டில் கழிப்பறை கிடையாது. பக்கத்துக் கடையில்தான் போக வேண்டும். காலையில் மாத்திரை போட்டால் மணிக்கு இரண்டு தடவை ஓட வேண்டியிருக்கிறது. கூண்டை விட்டுப் போனால் வண்டிகள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்கின்றன. வேலையை விட்டால் நாள் முழுக்க இந்த அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதனால் மாத்திரையை விட்டுவிட்டார்.

"இதை டாக்டர்கிட்ட சொல்லக் கூடாதா?"

"டாக்டரம்மா பெரிய மனுஷி. ஒண்ணுக்குப் போற கதையை அவங்ககிட்டயா சொல்றது? உங்ககிட்ட சொல்லியிருப்பேன். நீங்கதான் என்னைப் பாக்கறதையே நிறுத்திட்டீங்க."

அக்கா திடீரென்று சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனாள். வெகுநேரம் குடித்தாள்.

கல்லம்மா நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"உங்க இதயத்தோட ஓரத்தை நான் கோடு போட்டு வரையணும். அதை வச்சுத்தான் கணக்கு. உங்களுக்கு வரையறப்ப மட்டும் என் கை உள்ளே உள்ளே போச்சு. இதயம் சின்னதா வரணும்னு கை ஆசைப்பட்டுது. தப்பான கணக்கு எழுதக் கூடாதுன்னு நானே டாக்டர்கிட்ட சொல்லி விலகிட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கல்முகத்தில் அன்றைக்கு எல்லாமே எழுதியிருந்தது.

"கோபம் இல்லையா அப்ப?"

"கோபம் இருந்தா கை வெளிப்பக்கமா போயிருக்கும்."

அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். இந்த மூச்சோடு அவரைப் படியில் நடக்க விட முடியாது. ஆம்புலன்சுக்குப் போன் செய்யப் போனவளைத் தடுத்து, அவர் தன் பழைய கூட்டாளிகளைக் கூப்பிடச் சொன்னார். அவர்கள் பக்கத்துத் தெருவிலேயே ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். நாலு பேர் வார்ப்பட்டையோடு ஓடி வந்தார்கள். அவரை நாற்காலியில் உட்கார்த்தி, இடுப்பில் பட்டை கட்டி, கம்பளியால் முட்டுக் கொடுத்து, கண்ணாடி அலமாரியை இறக்குகிற மாதிரி இறக்கினார்கள். நாற்காலியில் இருந்தவரோ சும்மா வரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, முன்னாடி ரெண்டு பேரும் உசத்திப் பிடிங்க, மூலையில இடப்பக்கம் சாய்ச்சுத் திருப்பு, சுவத்துல உரசாத என்று கட்டளை போட்டபடியே இறங்கினார். "அண்ணே, பீரோ பேசக் கூடாது" என்றான் முன்னால் பிடித்தவன். சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்ததைப் பின்னால் இறங்கிய கல்லம்மா பார்த்தாள். அக்கா முக்காலிகளை எல்லாம் ஓரமாக இழுத்து இழுத்து வழி செய்துகொண்டே முன்னால் போனாள்.

ஆஸ்பத்திரியில் சில நாட்களில் நீர் வடிந்தது. கால் காலாகத் தெரிந்தது. டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, அந்த மாத்திரையை வேலை முடிந்து வீடு வந்ததும் சாயங்காலம் போட்டால் போயிற்று என்றார். அவ்வளவுதான். பிறகு, ஆராய்ச்சியில் இருக்கும் மற்றவர்களிடமும் எந்த மாத்திரையை விட்டிருக்கிறீர்கள், ஏன் என்று தனியாக உட்கார்ந்து கேட்கச் சொன்னார். கேட்கும் பொறுப்பைக் கல்லம்மாவிடம் கொடுத்தார். கல்லம்மாவின் முகத்தைப் பார்த்து எவரும் பேச மாட்டார்கள் என்று தும்மல்காரர் பந்தயம் கட்டினார். ஆனால் பேசினார்கள். லாரி ஓட்டுகிறவர், துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண், வீட்டுக்குத் தெரியாமல் நோயை மறைத்தவர் என்று ஒவ்வொருவராக மனசைத் திறந்தார்கள். அவள் முகம் கொஞ்சம் மாறிவிட்டிருக்க வேண்டும்.

பீரோக்காரரும் அவளும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். மகள் ஊரிலிருந்து வந்து, அப்பாவைத் தனியாக விட்டிருக்கிறோம் என்று இத்தனை நாள் கிடந்து அடித்துக்கொண்டேன் என்று சொல்லிச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சித்தி என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகக் கூப்பிட்டாள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட அக்கா, கட்டிப்பிடித்ததற்கு இப்போதாவது ஒரு கணக்கு வந்ததே என்று அலுவலகத்திலேயே சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அக்காவையும் சேர்த்து மூவரும் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்துக் குடிபோனார்கள்.

இரண்டு வருஷம் முடிந்து ஆராய்ச்சி மூடப்பட்ட பிறகு, இனி நீங்களும் பார்க்கலாம் என்று சொல்லி டாக்டரம்மா கல்லம்மாவுக்கு பீரோக்காரருடைய எல்லாப் படங்களையும் வரிசையாகத் திரையில் போட்டுக் காட்டினார். முதலில் நீண்டிருந்தது, பிறகு உருண்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்த சமயத்தில் ஏறக்குறையப் பந்தாகவே இருந்தது. கடைசிப் படத்தில் நுனி கொஞ்சம் கூராகத் திரும்பியிருந்தது. பழையபடி ஆகவில்லை. ஆகாது என்றும் டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். சிலருக்கு இப்படிப் பாதி வழி திரும்பும், சிலருக்குத் திரும்பவே திரும்பாது, ஏன் என்பதில் இன்னும் தெரியாததுதான் அதிகம் என்றார். கல்லம்மா தலையசைத்தாள். வீட்டுக்கு வந்து பீரோக்காரரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். முதல் தடவையாக, டாக்டர் சொல்வாங்க என்று சொல்லாமல், அவளே சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, பாதி வழி வந்ததே பெரிய விஷயம், இந்த வயதில் யார் முழு வழி திரும்புகிறார்கள் என்றார்.

இப்போது அவர் ஒரு மரச்சாமான் கடையில் உட்கார்ந்திருக்கிறார். தூக்குகிற வேலை இல்லை. அலமாரி வாங்க வருகிறவர்களிடம் வீட்டு வாசலின் அகலத்தையும் படி திரும்பும் இடத்தையும் விசாரித்து, இது ஏறும், இது ஏறாது என்று சொல்கிற வேலை. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறபோது அவள் கடை வாசலில் இறங்கிக்கொள்வாள். புதுசாகக் கல்யாணமான ஜோடி யாராவது பெரிய கட்டிலுக்கு ஆசைப்பட்டு அடம்பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவர் பொறுமையாகக் கையை விரித்து அளவு காட்டிக்கொண்டிருப்பார். அவள் அவசரப்படுத்த மாட்டாள். முடிந்ததும் இருவரும் கடைத்தெரு வழியாக மெதுவாக நடப்பார்கள். அவர் நிற்கிற இடத்தில் அவளும் நிற்பாள், ஏதோ கடையைப் பார்க்கிற மாதிரி. எதற்கு நிற்கிறார் என்று கேட்க மாட்டாள். மூச்சு சீரானதும் அவரே, "வா, போலாம். உங்க அக்கா டீயை ஆற வச்சுட்டு நம்மளைத் திட்டிக்கிட்டு இருப்பா" என்பார்.